முந்தி வந்த அலை

ஏட்ரியாட்டிக் கடலோரச் சிற்றூரான வோலோஸ்கோவில், நங்கூரம் வடிக்கும் கொல்லரின் மகனாக 1857இல் பிறந்தார் ஆந்திரியா மோஹோரோவிசிச். பிராக் நகரில் இயற்பியல் பயின்றார். பக்கர் கடற்பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே மேகங்களின் நகர்வை அளந்தவர், பின்னர் சாக்ரெப் வானிலை ஆய்வகத்தின் தலைவரானார். புதிய நூற்றாண்டு பிறந்தபின் அவர் பார்வை மண்ணுக்குள் இறங்கியது.

1909 அக்டோபர் 8ஆம் நாள், சாக்ரெப்புக்கு அருகே குபா ஆற்றுப் பள்ளத்தாக்கு குலுங்கியது. ஐரோப்பிய நிலையங்கள் பலவற்றின் பதிவுகளை வரவழைத்து ஆராய்ந்தவரை ஒரு புதிர் மறித்தது. அதிர்ச்சி ஒன்றே, ஆயினும் சில நிலையங்களில் முதன்மை அலைகள் இருமுறை வந்திருந்தன. கடிகாரப் பிழையென ஒதுக்குவது எளிது. அவர் ஒதுக்கவில்லை. ஓர் அலை மேலோட்டின் வழியே நேராக வந்தது. மற்றொன்று ஆழத்திலுள்ள வேறுவகைப் பாறையில் புகுந்து, விரைந்தோடி மேலெழுந்தது. தொலைவு கூடியபோது சுற்றுவழியில் வந்ததே முந்தியது! பாறை மாறும் அவ்வெல்லை அப்பகுதியில் ஏறத்தாழ 54 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதெனக் கணித்து 1910இல் வெளியிட்டார்.

1936இல் அவர் மறைந்தார். 1950களில் சோவியத் அறிஞர்கள் நிலநடுக்கத்திற்குக் காத்திராமல், காஸ்பியன் கடலில் வெடிவைத்து அலைகளை எழுப்பி அவ்வெல்லையைத் தேடினர். தென்காஸ்பியனில் மிகத் தடித்த படிவுகளுக்கடியே, கண்டங்களுக்குரிய கிரானைட் அடுக்கு தென்படவில்லை. நாற்புறமும் நிலம் சூழ்ந்த அந்நீர்நிலையின் அடித்தளம், பெருங்கடலின் அடித்தளத்தையே ஒத்திருந்தது. அவர்கள் தேடிய எல்லைக்கு அதற்குள் மோஹோ என்றே பெயர் நிலைத்திருந்தது.