கிண்ணம் கொடுத்த மாணவன்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் - இயற்பியல் மாணவன்)

கொடை என்றதும் நம் நெஞ்சில் முதலில் வந்து நிற்பவன் பறம்புமலைப் பாரி. முல்லைக் கொடிக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்தே ஊர் திரும்பியவன். அந்தத் தேர் பின்னர் என்னவாயிற்று என்று நாம் கேட்பதில்லை. கொடுத்தவன் பெருமையைப் பேசுகிறோம். கொடுத்த பொருளின் கதையை மறந்து விடுகிறோம். ஒருவன் மனமுவந்து கொடுத்த பொருள் நூறாண்டுகளுக்கு மேல் பலர் கைகளில் புழங்கி, பிறகு ஒருநாள் ஒப்பந்தப் பொருளாக மாறினால், அது யாருக்குச் சொந்தம்? கொடுத்தவனுக்கா, காத்து வைத்திருப்பவர்களுக்கா, அதைக் கண்டு மகிழ்ந்தவர்களுக்கா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பிய ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். டென்னிஸ் உலகில் டேவிஸ் கோப்பை என்று வழங்கும் வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்த டுவைட் டேவிஸ்தான் அவர்.

நான் டென்னிஸ் ஆடிப் பழகியவன் அல்லன். டென்னிஸ் களத்தின் ஓரத்தில் வளர்ந்தவன். என் தந்தையார் எங்கள் ஊர்க் கிளப் ஒன்றில் மார்க்கர். விடியுமுன் மண் களத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இறுக்கிக் கட்டுவது அவர் வேலை. மாலையில் பள்ளி விட்டதும் நான் பந்து பொறுக்கப் போவேன். உறுப்பினர்களுக்கு ஆட ஆள் இல்லாத நாளில் தந்தையார் கையில் மட்டை ஏறும். மற்ற நாள்களில் அது அலமாரியில் பூட்டிக் கிடக்கும். எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அன்று அது எனக்குக் குறையாகவும் தோன்றவில்லை.

2018 ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், களத்தோர வேப்பமரத்தடியில் பெரிய வாக்குவாதம். அப்போது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். டேவிஸ் கோப்பையின் ஆட்ட முறையை மாற்றிவிட்டார்கள் என்று நாளிதழில் செய்தி வந்திருந்தது. உறுப்பினர்களில் மூத்தவர், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அன்று மட்டையைத் தொடவே இல்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் யாரோ வாக்களித்ததற்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஏன் கண் கலங்க வேண்டும்? அந்த வியப்பு என்னோடு கல்லூரி வரை வந்தது. அதன் விடையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் டேவிஸ் எனக்கு அறிமுகமானார்.

இளமை

டுவைட் டேவிஸ் 1879 ஜூலை 5ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். வணிகத்தால் செல்வம் கொழித்த குடும்பம். என்னைப் போலக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அல்லர். பணத்தின் அருமை தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். இடக்கை ஆட்டக்காரர். 1899இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டு தொடங்கி 1901 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஹோல்கோம் வார்டு என்னும் நண்பரோடு சேர்ந்து அமெரிக்க இரட்டையர் பட்டத்தையும் தம் வசமே வைத்திருந்தார்.

1899 கோடையில் டேவிசும் அவருடைய நண்பர்களும் கிழக்குக் கரையிலிருந்து இரயிலேறி, நாட்டின் குறுக்கே பல நாள் பயணம் செய்து, கலிபோர்னியா சென்றார்கள். மேற்குக் கரை வீரர்களோடு அங்கே ஆடினார்கள். யாரோ எங்கிருந்தோ தம் ஊர் தேடி ஆட வந்திருக்கிறார்கள் என்றதும் அந்த ஊர் மக்களுக்கு ஏற்பட்ட ஆர்வம் டேவிசின் மனத்தைத் தொட்டது. ஒரே நாட்டின் இரண்டு கரைகள் சந்திப்பதிலேயே இத்தனை மகிழ்ச்சி என்றால், இரண்டு நாடுகள் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் தோன்றியபோது அவருக்கு வயது இருபது. நண்பர்களே, நம் வயது!

கிண்ணமும் விதியும்

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. பாஸ்டன் நகரத்து நகை வணிகர் மூலம், தம் சொந்தப் பணத்தில், ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்வித்தார். அதன் எடை 217 டிராய் அவுன்சு. அதைக் கிராமில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறே முக்கால் கிலோ வருகிறது. அந்தக் கிண்ணத்துக்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. பன்னாட்டு லான் டென்னிஸ் அறைகூவல் கோப்பை என்பதே அதன் முறையான பெயர். டேவிஸ் கோப்பை என்பது மக்கள் வாயில் பிறந்து நிலைத்த பெயர். தாம் வைக்காத பெயரால் ஒருவர் நிலைத்து நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

1900 ஆகஸ்டில் பாஸ்டனின் லாங்வுட் கிரிக்கெட் கிளப்பில் முதல் போட்டி நடந்தது. கடல் கடந்து வந்த பிரித்தானிய அணியை அமெரிக்கா மூன்றுக்குச் சுழியம் என வென்றது. அமெரிக்க அணியின் தலைவர் டேவிஸ். தாம் கொடுத்த கிண்ணத்தைத் தாமே வென்றவர் அவர்! மழை குறுக்கிட்டதால் கடைசி ஒற்றையர் ஆட்டம் பாதியில் நின்றது. களத்தில் அப்போதும் டேவிஸ்தான் இருந்தார்.

நான்கு ஒற்றையர் ஆட்டங்கள், ஓர் இரட்டையர் ஆட்டம், மூன்று நாள், ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து செட்டுகளில் மூன்றை வெல்பவர்க்கு. இதுவே அன்று வகுத்த முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணுக்குப் போய் ஆட வேண்டும். விருந்தாளிக்கு எதிராக ஊரே திரண்டு ஆரவாரம் செய்யும். ஆட்டம் முடிந்ததும் அதே ஊர் எழுந்து நின்று கைதட்டும். கலிபோர்னியாவில் டேவிஸ் கண்டது இதைத்தான். அவர் கிண்ணத்துக்குள் ஊற்றி வைத்ததும் இதைத்தான் என்பது என் கருத்து.

பொதுவாழ்வு

டேவிஸ் பிறகு சட்டம் படித்தார். வழக்கறிஞர் தொழில் செய்யவில்லை. 1911 முதல் 1915 வரை செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காக்களின் ஆணையராக இருந்தார். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். உலாவவும் பார்த்து மகிழவும் மட்டுமே இருந்த பூங்காக்களை அவர் விளையாடும் இடங்களாக மாற்றினார். அமெரிக்காவில் நகராட்சி அமைத்த முதல் டென்னிஸ் களங்கள் அவர் காலத்தில் தோன்றியவை. அந்நாளில் டென்னிஸ் கிளப் மதில்களுக்குள் ஆடப்பட்ட ஆட்டம். அந்த மதிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவர், மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் களம் அமைத்தார். பந்து பொறுக்கிய கையால் இதை எழுதும்போது எனக்கு உண்டாகும் உணர்ச்சியைச் சொற்களில் அடக்க இயலவில்லை.

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுக் களத்தில் போரிட்டு, 1918இல் காட்டிய வீரத்துக்காகச் சிறப்புமிகு சேவைச் சிலுவை என்னும் உயரிய விருதைப் பெற்றார். குடியரசுத் தலைவர் கூலிட்ஜின் அமைச்சரவையில் 1925 முதல் 1929 வரை போர்த்துறைச் செயலர். 1929 முதல் 1932 வரை பிலிப்பைன்ஸ் தலைமை ஆளுநர். இத்தனை பதவிகளையும் இன்று பலர் மறந்துவிட்டார்கள். இருபது வயதில் செய்த ஒரு செயலை மட்டும் உலகம் மறக்கவில்லை.

1939இல் ஆஸ்திரேலியா கோப்பையை வென்ற நேரத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது, போட்டி நின்றது. போர் முடிந்தது, ஆனால் போட்டி மீண்டும் தொடங்குமுன்பே, 1945 நவம்பர் 28ஆம் நாள் டேவிஸ் வாஷிங்டனில் காலமானார். மறு ஆண்டு, தம் கோப்பைக்காக நாடுகள் மீண்டும் கடல் கடந்ததை அவர் காணவில்லை.

மாற்றமும் மக்கள் மனமும்

டேவிஸ் வகுத்தது எதுவுமே மாறவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நடப்பு வெற்றியாளர் தம் ஊரில் காத்திருந்து இறுதிப் போட்டி மட்டும் ஆடும் பழைய வழக்கம் 1972இல் நீங்கியது. 1981இல் 16 நாடுகள் கொண்ட உலகப் பிரிவு வந்தது. 1989இல் டை-பிரேக்கர் முறை கடைசிச் செட் நீங்கலாகப் புகுந்தது. 2016இல் கடைசிச் செட்டுக்கும் வந்தது. இவற்றை இரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எனவே இரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்கள் என்று சொல்வது நியாயமாகாது.

2018 ஆகஸ்டு 16இல் நடந்தது வேறு. கால்பந்து வீரர் ஜெரார்டு பிக்கே நிறுவிய காஸ்மோஸ் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் மதிப்பிலான திட்டம் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் முன் வைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 71 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்தது. அதன்படி 2019 நவம்பரில் மாட்ரிட் நகரில், ஒரே வாரத்தில், 18 நாடுகள் கூடின. ஐந்து ஆட்டங்கள் மூன்றாயின. ஐந்து செட்டுகள் மூன்றாயின. சொந்த மண் என்பது இறுதிச் சுற்றில் இல்லாமலே போயிற்று.

இதற்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆண்டுக்கு நான்கு வார இறுதிகள், மும்மூன்று நாள், ஐந்தைந்து செட் என்றால் முன்னணி வீரர்கள் களைத்துப் போகிறார்கள். பலர் வராமலே இருந்தார்கள். பணமின்றிச் சிறிய நாடுகளில் ஆட்டம் வளராது என்பதும் உண்மையே.

ஆனால் இரசிகர்களின் மனம் ஆறவில்லை. ஆஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் ஜெர்மனியும் திட்டத்தை எதிர்த்தன. ஆஸ்திரேலிய அணித் தலைவர் லெய்ட்டன் ஹியூவிட் கடுமையாகக் கண்டித்தார். பிரான்சின் டென்னிஸ் கூட்டமைப்பு ஆதரித்தது. அந்நாட்டு இரசிகர்களோ எதிர்த்தார்கள். ஊர் ஊராகத் தம் அணியோடு பயணம் செய்து மேளமும் பாட்டுமாக ஆரவாரித்த இரசிகர் சங்கம், மாட்ரிட்டைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. மாட்ரிட்டில் ஸ்பெயின் ஆடியபோது அரங்கு நிறைந்தது. மற்ற நாடுகள் ஆடியபோது இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போட்டி விடியற்காலை நான்கு மணிக்குத்தான் முடிந்தது. அந்நேரத்தில் யார் இருந்து கைதட்டுவது?

எங்கள் ஊர்ப் பெரியவரின் வருத்தத்துக்கும் இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அவர் தம் இளமையில் வானொலியருகே அமர்ந்து கேட்ட ஆட்டத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1966இல் கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலை. கடைசி ஆட்டத்தில் நம் தமிழ்நாட்டு இராமநாதன் கிருஷ்ணன், தாமஸ் கோக்கை எதிர்த்து ஆடினார். முதல் மூன்று செட்டுகளில் இரண்டை இழந்தார். நான்காம் செட்டில் இரண்டுக்கு ஐந்து எனப் பின்தங்கினார். அங்கிருந்து மீண்டு, அந்தச் செட்டை 7-5 எனவும் ஐந்தாம் செட்டை 6-2 எனவும் வென்று, இந்தியாவை முதன்முறையாக அறைகூவல் சுற்றுக்குக் கொண்டு சென்றார். புதிய முறையை இந்த ஆட்டத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். மூன்றாம் செட்டோடு கிருஷ்ணன் தோற்றிருப்பார். பெரியவர் கண் கலங்கியது ஒரு விதிக்காக அன்று. தம் வாழ்நாளின் மிகச் சிறந்த மாலைப்பொழுது இனி யாருக்கும் வாய்க்காதே என்பதற்காக.

25 ஆண்டு ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2023 சனவரியில் முறிந்தது. 2025இல், இறுதிச் சுற்றுக்கு முந்தைய கட்டம் மீண்டும் அவரவர் நாட்டு மண்ணில் ஆடப்பட்டது. எட்டு நாடுகள் மட்டும் இத்தாலியின் போலோனா நகரில் கூடின. சொந்த மண்ணில் இத்தாலியே வென்றது. இழந்தது முழுவதும் திரும்பவில்லை. ஆயினும் பாதி வழி திரும்பியிருக்கிறது. காலியான இருக்கைகளும் ஒருவகை வாக்குச் சீட்டுகளே.

முடிவாக

கிண்ணம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு டேவிசின் வாழ்க்கையே விடை சொல்கிறது. அவர் கிண்ணத்தைக் கொடுத்தார், பெயரைக் கேட்கவில்லை. களம் அமைத்தார், வாயிலில் காவல் வைக்கவில்லை. பொதுவில் கொடுத்த பொருள், அதனால் மகிழ்பவர்களுக்கே உரியது. காலத்துக்கேற்ப அதன் உருவம் மாறலாம்; ஆனால் மாற்றுமுன் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரி விடுதிக்குப் பின்னால், புல் மண்டிய டென்னிஸ் களம் ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அளந்து பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது. கம்பங்கள் இரண்டும் இன்னும் உறுதியாக நிற்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கைகொடுத்தால் புல்லை அகற்றிவிடலாம். உருளை இழுக்கவும் கோடு போடவும் தாமே வருவதாக என் தந்தையார் சொல்லியிருக்கிறார். கோடு போட்டு முடித்ததும் முதல் பந்தை அவர்தான் அடிக்க வேண்டும் என்பது என் ஆசை.