ஒரு மணி நேரம் ஞாபகம் வைத்திருந்த டிரான்சிஸ்டர்

ஆர்டுயினோவுல ப்ரோக்ராம் அப்லோட் பண்ணிட்டு கேபிளைப் பிடுங்கி வெச்சிடுறோம். ஒரு வாரம் கழிச்சு பவர் கொடுத்தாலும் எல்இடி அதே மாதிரி மினுக்குது. பவரே இல்லாம அந்தக் கோடு எங்க இருந்துச்சு? இதுக்குப் பதில் தாவோன் காங்கோட கதையில இருக்கு.

காங் 1931-ல் சியோலில் பிறந்தார். கொரியா அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு 1955-ல் அமெரிக்கா போனார். 1959-ல் ஓஹையோ ஸ்டேட்டில் பிஎச்டி முடித்து, அதே வருஷம் நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸில் சேர்ந்தார்.

அங்கே எகிப்தில் பிறந்த முகமது அட்டலா, சிலிக்கான் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து அதன் மேற்பரப்பை அடக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதை வைத்து இருவரும் 1959 கடைசியில் வேலை செய்யும் முதல் மாஸ்ஃபெட்டை உருவாக்கினார்கள். காங்குக்கு வயசு 28. ஆனா பெல் லேப்ஸ் பெருசா கண்டுக்கல. பைபோலாரை விட இது ரொம்ப ஸ்லோ. செய்வது சுலபம், ஐசிக்குள் போடலாம் என்று 1961-லேயே காங் ஒரு குறிப்பு எழுதினார். அதைக் கையில் எடுத்தது வேறு கம்பெனிகள்.

அட்டலா கிளம்பிவிட்டார். காங் அங்கேயே இருந்தார். 1967-ல் சைமன் ஸேயோடு (ஆமா, நம்ம லைப்ரரியில இருக்கிற டிவைஸ் ஃபிசிக்ஸ் புத்தகம் எழுதின அதே ஸே) அடுத்த வேலை. அந்தக் காலத்து காந்த கோர் மெமரி பவர் போனாலும் மறக்காது, ஆனா இடத்தை அடைக்கும். அதுக்குப் பதிலா செமிகண்டக்டர்ல என்ன பண்ணலாம்னு யோசிச்சாங்க. கேன்டீன்ல அடுக்கு கேக் சாப்பிடும்போது, மாஸ்ஃபெட்டுக்குள்ளயும் இன்னொரு அடுக்கு வெச்சா என்னனு தோணிச்சுன்னு ஸே பின்னாளில் சொல்லியிருக்கார்.

அந்த அடுக்குதான் ஃப்ளோட்டிங் கேட். சுத்தி இன்சுலேட்டர், எந்த வயரும் அதைத் தொடாது. அதிக வோல்டேஜ் கொடுத்தா எலக்ட்ரான்கள் இன்சுலேட்டரைத் தாண்டி உள்ளே போகும். வோல்டேஜை எடுத்தா வெளிய வர வழி இல்லாம மாட்டிக்கும். மாட்டின சார்ஜ் த்ரெஷோல்டை ஏத்திடும். அதனால ரீட் பண்ணும்போது டிரான்சிஸ்டர் ஆன் ஆகாது. நம்ம சிப்புல அது 0. காலியா இருந்தா 1.

அவர்கள் செய்த டிவைஸ் சுமார் ஒரு மணி நேரம்தான் ஞாபகம் வைத்திருந்தது. பேப்பர் வெளியானது. மேலிடத்துக்கு இதில் என்ன பயன் என்று புரியவில்லை. 1971-ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமான் இதே ஃப்ளோட்டிங் கேட்டில் புற ஊதா ஒளியால் அழிக்கும் ஈப்ராம் செய்தார். 1984-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா, மொத்தமாக மின்சாரத்தாலேயே அழிக்கும் ஃப்ளாஷைக் கொண்டு வந்தார்.

ஊனோ போர்டுல இருக்கிற ஏடிமெகா328பி-யைப் பாருங்க. 32 கேபி ஃப்ளாஷ், 128 பைட் வீதம் 256 பக்கங்கள். ஒரு பிட்டை 1-லேருந்து 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்கணும்னா அந்தப் பக்கம் முழுசையும் அழிக்கணும். அதனாலதான் பூட்லோடர் பைட் பைட்டா எழுதாம, வர்றதை ஒரு பஃபர்ல சேர்த்து, பக்கத்தை அழிச்சு, 128 பைட்டையும் ஒரே மூச்சுல எழுதுது. ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரான்கள் கடந்து போறதுல ஆக்சைடு தேயும். டேட்டாஷீட் கொடுக்கிற கணக்கு 10,000 தடவை. ப்ராஜெக்ட்ல சென்சார் ரீடிங்கை லூப்புக்குள்ள ஃப்ளாஷ்ல எழுத நினைக்கிறவங்க இந்த நம்பரை ஒரு தடவை வகுத்துப் பார்த்துக்கோங்க.

காங் 1988-ல் பெல் லேப்ஸில் இருந்து ஓய்வு பெற்று, பிரின்ஸ்டனில் என்இசி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1992 மே மாதம், பெருந்தமனி வெடித்து அவசர ஆபரேஷன் நடந்த பிறகு, 61 வயதில் இறந்தார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அட்டலாவோடு அவர் பெயரைச் சேர்த்தது 2009-ல். அதுவும் மாஸ்ஃபெட்டுக்காக.