ஜிரா இல்லாத காலத்தில் 25 ஆண்டுகள் ‘வொர்க் லாக்’ எழுதியவர்: யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம், மடுகரை பக்கத்தில் இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப் போகிறோம், எது தடையாக நிற்கிறது என்று ஆளுக்கு ஒரு நிமிடம். அப்புறம் ஜிராவில் டிக்கெட்டை ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். பாதிப் பேருக்கு இது எரிச்சல்தான். வேலை செய்வதை விட, செய்த வேலையை எழுதி வைக்கவே நேரம் போகிறது என்ற புலம்பல் இல்லாத டீம் கிடையாது.

இதே புதுச்சேரியில் ஒருவர் 1736 முதல் 1761 வரை, எந்த மேனேஜரும் கேட்காமலேயே அப்படி எழுதிக்கொண்டு இருந்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் எத்தனை துணி தர ஒப்புக்கொண்டார், எவ்வளவு முன்பணம் போனது, கவர்னர் இன்று என்ன மனநிலையில் இருந்தார் என எல்லாம் அதில் இருக்கிறது. அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. பள்ளிப் பாடத்தில் ‘துய்ப்ளேக்சின் துபாஷி, நாட்குறிப்பு எழுதியவர்’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிற பெயர். ஆனால் அவர் ஏன் எழுதத் தொடங்கியிருப்பார் என்று யோசித்தால், கதை அவருடைய ஏழாவது வயதுக்குப் போகிறது.

மாமாவுக்கு என்ன நடந்தது?

1709 மார்ச் 30-ல் சென்னையில் பிறந்தவர் ஆனந்தரங்கர். அப்பா திருவேங்கடம் பிள்ளை, பெரம்பூரில் வியாபாரி. அவருடைய மைத்துனர் நயினியப்பப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். அவர் கூப்பிட்டதால்தான் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

1716-ல் கவர்னர் எபேர் காலத்தில் நயினியப்பர் கைது செய்யப்பட்டார். அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் முறைகேடும் ஒன்று, ஊரில் கலகம் தூண்டினார் என்பதும் ஒன்று. விசாரணை முழுக்க பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. நயினியப்பருக்குத் தெரிந்ததோ தமிழும் போர்ச்சுகீசும். தன்னைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தைத் தானே படிக்க முடியாத நிலை. சாட்டையடி, சொத்துப் பறிமுதல், சிறை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். அதே விவகாரத்தில் திருவேங்கடம் பிள்ளையும் மாட்டிக்கொண்டார்.

பிறகு நயினியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சுக்கே கப்பலேறிப் போய் முறையிட்டார். தீர்ப்பு மாறியது, குடும்பத்தின் பெயர் மீண்டது. குருவப்பர் அங்கேயே மதம் மாறி, ‘செவாலியே’ பட்டத்தோடு திரும்பி வந்து தரகர் வேலையையும் பெற்றார். 1724-ல் அவரும் இறந்தார். ஆனால் சிறையில் போன உயிர் போனதுதான்.

இந்த வீட்டில் வளர்ந்த பையனுக்கு ஒரு விஷயம் மனதில் பதியாமல் இருந்திருக்குமா? கணக்கு யார் கையில் இருக்கிறதோ, கதையும் அவர்கள் கையில்தான். நாட்குறிப்பு எழுத இதுதான் காரணம் என்று ஆனந்தரங்கர் எங்கும் பிரகடனம் செய்யவில்லை. ஆனாலும் யாரிடம் என்ன பேச்சு நடந்தது, அப்போது யார் யார் கூட இருந்தார்கள் என்று அவர் குறித்து வைக்கிற விதத்தைப் பார்த்தால், அந்த 1716 விவகாரம் நினைவுக்கு வராமல் போகாது.

ஒரு ஆர்டர், இரண்டு வருடம், ஒரே டெட்லைன்

1726-ல் அப்பா காலமானார். ஆனந்தரங்கருக்கு 17 வயது. கவர்னர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வேலையைப் பார்க்க அனுப்பினார். நீலச் சாயத் துணி அங்கே முக்கியச் சரக்கு. ‘கினியா துணி’ என்று பெயர் வாங்கி ஆப்பிரிக்கா வரை போன சரக்கு அது. அங்கே நன்றாகச் செய்து காட்டினார். ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்ளூர்ச் சரக்கை வாங்க ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் சொந்தச் செலவில் கிடங்குகள் திறந்தார்.

இந்தத் துணி வியாபாரம் எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் இவர் செய்த வேலையின் கனம் புரியும். பிரான்சில் இருந்து ஆர்டர் கப்பலில் வரும். கடல் பயணமே ஏறக்குறைய ஆறு மாதம். கம்பெனி இங்குள்ள வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும். வியாபாரி கீழே உள்ள தரகரிடம் கொடுப்பார், தரகர் ஊர் ஊராகப் போய் நெசவாளியிடம் கொடுப்பார். நெய்த துணி அதே வழியில் மேலே ஏறி வரும். கோட்டையில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தரம் இல்லை என்றால் விலை குறையும், இல்லாவிட்டால் துணியே திரும்பிவிடும். தேறியதை வெளுத்து, மடித்து, கட்டாகக் கட்டி, சலங்குப் படகில் ஏற்றி ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். புதுச்சேரியில் அப்போது கப்பல் கரை சேரும் துறைமுகம் கிடையாது.

இதில் நகராத ஒன்று பருவமழை. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் சோழமண்டலக் கரையில் கப்பலை நிறுத்திவைக்க முடியாது. அதற்குள் சரக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் அந்தப் பருவத்தை விட்டுவிட வேண்டியதுதான். இன்றைய ரிலீஸ் தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க கிளையண்ட்டிடம் கெஞ்சலாம். வாடைக்காற்றிடம் அது நடக்காது.

நெசவாளியின் தறியில் நூல் இல்லை, அரிசி விலை ஏறிவிட்டது, நவாபின் குதிரைப் படை ஊருக்குள் புகுந்துவிட்டது என எங்கே எது சிக்கினாலும் கடைசியில் கவர்னர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் துபாஷி. இரண்டு மொழி தெரிந்த ஆள் என்ற பொருளில்தான் அந்தச் சொல் வந்தது. நடைமுறையில் அவர்தான் ப்ராஜெக்ட் மேனேஜர்.

நாட்குறிப்பில் என்ன இருக்கிறது?

1736 செப்டம்பர் 6-ல் எழுதத் தொடங்குகிறார். தேதி இரண்டு விதமாகவும் இருக்கும்: ஐரோப்பிய மாதம் ஒன்று, தமிழ் வருடமும் மாதமும் இன்னொன்று. நடையும் இலக்கணத் தமிழ் இல்லை. பேசுகிற தமிழ், நடுவில் பிரெஞ்சு, போர்ச்சுகீசு, இந்துஸ்தானிச் சொற்கள். இன்று ஆபீஸ் சாட்டில் நாம் எழுதுகிற தமிழைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை புரட்டலாம்.

கப்பல் வரவு, பீரங்கி மரியாதை எத்தனை குண்டு, துணி விலை, வராத பாக்கி, கல்யாணம், சாவு, லஞ்சம், வதந்தி எல்லாம் கலந்து கிடக்கும். 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அந்த முற்றுகையின் நடுவே வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது ஆகியவற்றுக்கு ஊர்க்காரர் ஒருவர் அன்றன்றைக்கு எழுதிய சாட்சி இதுதான். நடுவில் எழுதாத நாட்களும், தொலைந்துபோன பகுதிகளும் நிறைய உண்டு.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஜிரா போர்டை மொத்த டீமும் பார்க்கும். பிள்ளையின் குறிப்பு அவருக்கு மட்டும். அதனால்தான் அவ்வளவு வெளிப்படையாகவும் இருக்கிறது, அவ்வளவு ஒருதலைப்பட்சமாகவும் இருக்கிறது. தனக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் மீதும், துய்ப்ளேக்சின் மனைவி ழான் மீதும் அவருக்கு இருந்த கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சாதிப் பார்வையும் அப்படியே இருக்கும். வியாபாரிகள் பெயரோடு வருகிறார்கள். தறியில் உட்கார்ந்த நெசவாளிகள் பெரும்பாலும் பெயர் இல்லாமல்தான் வருகிறார்கள்.

உச்சமும் சரிவும்

கனகராய முதலியார் 1746-ல் இறந்த பிறகு அந்தப் பதவிக்குப் பல பேர் போட்டி போட்டார்கள். வேலையை எல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார், பதவி மட்டும் உடனே வரவில்லை. இந்த அனுபவம் இன்றும் பல டீம் லீடுகளுக்குப் பழக்கமானதுதான். 1747-ல் தலைமைத் துபாஷி ஆனார். அடுத்த சில ஆண்டுகள் அவருடைய உச்சம். ‘ஆனந்தப்புரவி’ என்ற சொந்தக் கப்பல், முசபர் ஜங் கொடுத்த மூவாயிரம் குதிரை மன்சப் பட்டம், பல்லக்கு, மேளதாளம். 1752-ல் சீனிவாச கவி அவர் மேல் வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ என்ற காவியமே பாடினார்.

வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இதே நேரத்தில்தான், 1749, 1750 வாக்கில். நவாபுகளின் வாரிசுச் சண்டையில் துய்ப்ளேக்ஸ் பக்கம் எடுத்ததற்குக் கிடைத்த கூலி அது. இன்று நெட்டப்பாக்கத்தில் இருந்து பாகூர் பக்கம் போகிறவர் வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறாரே, அந்தத் துண்டு துண்டு வரைபடத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

1754-ல் துய்ப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். புதிய கவர்னர் லெறியிடம் பிள்ளைக்குப் பழைய செல்வாக்கு இல்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1756-ல் பதவி போனது.  பதவி போன பிறகு பலர் எழுதுவதை நிறுத்தியிருப்பார்கள். இவர் நிறுத்தவில்லை. உள்ளே இருந்து பார்த்த நிர்வாகத்தை இப்போது வெளியே நின்று எழுதினார். பிரெஞ்சு ஆட்சி சரிந்துகொண்டிருந்ததை அந்தக் கடைசிப் பகுதியில் நாள் கணக்கில் பார்க்கலாம்.

1761 ஜனவரி 12-ல் இறந்தார். ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்த நேரம். சில நாட்களில் புதுச்சேரி விழுந்தது, கோட்டை தரைமட்டம் ஆனது.

குறிப்பு எழுதும் பழக்கத்தை அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான திருவேங்கடம் பிள்ளை கொஞ்ச காலம் தொடர்ந்தார். அப்புறம் அந்தக் கட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் புதுச்சேரியில் இருந்த கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வந்தன. எழுதியவரின் சொந்த மொழியில் புதுச்சேரியில் அச்சேற 1948 ஆகிவிட்டது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை இதன் மேல்தான் கட்டினார். இரண்டாவது நாவல் 1995-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது.

பிள்ளை வாழ்ந்த வீடு புதுச்சேரியில் இன்னும் நிற்கிறது. கீழே இந்திய பாணியில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணியில் சுதைத் தூண்கள். தெருவின் பெயர் ரங்கப்பிள்ளை தெரு.