சு. பாலச்சந்தர்

சுந்தரம் பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) தமிழகத்தைச் சேர்ந்த வீணைக் கலைஞரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். நடிகர், இசையமைப்பாளர் என்றும் அறியப்பட்டவர். இசைவட்டத்தில் வீணை எஸ். பாலச்சந்தர் என அழைக்கப்பட்டார். ஒளிப்பதிவையும் ஒலியையும் கதைசொல்லும் கருவிகளாகக் கையாண்ட தொடக்ககாலத் தமிழ் இயக்குனர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம் இவரது தமையன், நடிகை எஸ். ஜெயலட்சுமி இவரது தமக்கை. 1934 இல் வெளிவந்த சீதா கல்யாணம் திரைப்படத்தில் ராஜம் இராமனாகவும் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். சிறுவனான பாலச்சந்தரும் அப்படத்தில் கஞ்சிரா வாசிப்பவராகத் தோன்றினார். பல இசைக்கருவிகளைப் பயின்ற பின்னர் வீணையைத் தமக்குரியதாகத் தேர்ந்து, குருவின்றித் தாமே கற்றுத் தேர்ந்தார். சென்னை வானொலி நிலையத்திலும் சிலகாலம் பணியாற்றினார்.

திரைப்படங்கள்

1948 இல் வெளியான இது நிஜமா படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் என் கணவர் படத்தை இயக்கினார். கைதி (1951), அவன் அமரன் (1958), அவனா இவன் (1962) ஆகியனவும் இவர் இயக்கியவை.

அந்த நாள்

ஏ.வி.எம். தயாரிப்பில் 1954 இல் வெளிவந்த அந்த நாள், பாடல், நடனம், சண்டைக் காட்சி ஆகிய மூன்றும் இல்லாத முதல் தமிழ்த் திரைப்படமாகும். கதையைப் பாலச்சந்தரும் திரைக்கதை, வசனத்தை ஜாவர் சீதாராமனும் எழுதினர். ஒளிப்பதிவு மாருதி ராவ். சென்னை மீது 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்வு கதைக்குப் பின்புலமாகிறது.

வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுட்டுக் கொல்லப்படுவதுடன் படம் தொடங்குகிறது. விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் வேறொருவர் மீது ஐயம் எழுப்புகின்றனர். ஒவ்வொரு வாக்குமூலமும் காட்சியாக விரிந்து, அதே கொலையில் முடிகிறது. கேமரா காட்டுவது உண்மையன்று, சொல்பவரின் ஊகமே என்பதைப் பார்வையாளர் மெல்ல உணர்கின்றனர். இம்முறை அகிரா குரோசாவாவின் ராஷோமோன் (1950) படத்துடன் ஒப்பிடப்படுவதுண்டு. குறைந்த ஒளி, அடர்ந்த நிழல், சாய்ந்த கோணங்கள் ஆகியவை ஐயத்தின் சூழலை உருவாக்குகின்றன. பாடல்கள் இல்லாமையால் துப்பாக்கி ஓசையும் இடையிடும் அமைதியும் தனி அழுத்தம் பெறுகின்றன. எதிரிக்கு இரகசியங்களை விற்ற கணவனுக்கும் நாட்டுக்கும் இடையே மனைவி உஷா (பண்டரிபாய்) எதைத் தேர்வது என்பதே கதையின் முடிச்சாகும்.

பாடல்களை எதிர்பார்த்து வந்த இரசிகர்கள் ஏமாற்றமடைந்தனர். முதல் வெளியீட்டில் படம் வெற்றிபெறவில்லை. எனினும் தேசிய திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. காலப்போக்கில் தமிழ்த் திரைப்பட வரலாற்றின் முக்கியப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படலாயிற்று.

பொம்மை, நடு இரவில்

1964 இல் வெளியான பொம்மை, வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று நகரில் கைமாறிச் செல்வதைக் கூறுகிறது. ஆபத்தைப் பார்வையாளர் அறிவர். பொம்மையை வைத்திருப்போர் அறியார். இந்த வேறுபாட்டிலேயே பதற்றம் பிறக்கிறது. இப்படத்தில் கே. ஜே. யேசுதாஸ் தமிழில் பாடகராக அறிமுகமானார். தொழில்நுட்பக் கலைஞர்களைப் படத்தின் இறுதியில் திரையிலேயே தோன்றச்செய்து பாலச்சந்தர் அறிமுகப்படுத்தினார். 1970 இல் வெளிவந்த நடு இரவில், அகதா கிறிஸ்டியின் புதினமொன்றைத் தழுவியது. இவ்விரு படங்களுக்கும் இவரே இசையமைத்தார்.

இசைப்பணி

பின்னாளில் வீணையிலேயே முழுமையாக ஈடுபட்டார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை எழுப்பும் வாசிப்பு இவரது தனித்தன்மையாகும். 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து ஒலிப்பதிவு செய்துள்ளார். 1982 இல் இந்திய அரசின் பத்ம பூஷன் விருதைப் பெற்றார்.

மறைவு

1990 ஏப்ரல் 13 அன்று, அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த பிலாய் நகரில் தமது 63 ஆவது வயதில் காலமானார்.