பழி சுமக்கும் தாய்க்கு ஹால்டேன் போட்ட கணக்கு

வள்ளூரில் எங்கள் தெருவில் நின்றால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அண்மையில் அத்தெருவில் ஓர் ஆண் குழந்தைக்கு ஹீமோபீலியா எனும் குருதி உறையாமைக் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. சிலர் நிலக்கரிச் சாம்பலைக் குறை கூறினர். பலர் குழந்தையின் தாயைக் குறை கூறினர். மருமகள் கொண்டுவந்த நோய் என்று பேச்சு எழுந்தது. அவரைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாமா என்பதுவரை அது நீண்டது. பொருளாதாரம் கற்பித்த எனக்கு அப்போது ஜே.பி.எஸ். ஹால்டேன் நினைவுக்கு வந்தார்.

1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் ஹால்டேன். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்க வாயுக்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சிறுவனான மகனையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, மீத்தேன் வாயுவைச் சுவாசிக்க வைத்து அதன் விளைவைக் கற்பித்தார். அந்த மகன் பின்னாளில் அறிவியலில் பட்டம் எதுவும் பெறாமலேயே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார்.

1935-இல் அவர் ஹீமோபீலியாவைக் கணக்கில் நிறுத்தினார். இக்குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்றே. ஆகவே அக்குரோமோசோம்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. அக்காலத்தில் இந்நோயுற்ற ஆண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் முன்பே இறந்தனர். அப்படியானால் தலைமுறைதோறும் பிறழ்ந்த மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழிய வேண்டும். ஆனால் நோய் குறையவில்லை. செலவு தொடர்ந்தும் இருப்பு குறையாதிருந்தால் எங்கிருந்தோ வரவு இருக்கிறது என்பது கணக்கின் பாலபாடம். அந்த வரவே புதிய மரபணுப் பிறழ்வு. ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000-க்கு ஒன்று என அதன் வேகத்தை அவர் மதிப்பிட்டார். முன்னோரிடம் இல்லாத நோய் ஒரு வீட்டில் திடீரெனத் தோன்றுவதன் விளக்கம் இதுதான். விக்டோரியா அரசியின் மரபில் ரஷ்ய இளவரசர் அலெக்ஸிவரை பரவிய இந்நோய், அரசியின் தந்தையிடமே பிறழ்வாகத் தொடங்கியிருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

1947-இல் மேலும் ஒரு முடிவை வெளியிட்டார். இத்தகைய பிறழ்வுகள் பெண்ணின் கருமுட்டையைவிட ஆணின் விந்தணுவில்தான் மிகுதியாக நிகழ்கின்றன என்பதே அது. தாய் வழியாக வரும் நோயின் தொடக்கம் பெரும்பாலும் ஓர் ஆணிடம் இருக்கிறது. அந்த ஆணும் அறிந்து செய்த பிழையன்று அது.

ஹால்டேன் குறையற்றவர் அல்லர். பொதுவுடைமைப் பற்றினால், சோவியத் மரபியலைச் சீரழித்த லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்க நெடுநாள் தயங்கினார். ஆனால் 1957-இல், சூயஸ் படையெடுப்பைக் காரணம் காட்டிப் பிரிட்டனை விட்டு வந்து, மகலனோபிஸின் அழைப்பில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் தென்னிந்திய வழக்கத்தின் மரபியல் விளைவுகளை ஆந்திரத்தில் ஆராயத் தம் மாணவரை ஊக்குவித்தார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

அவர் காலத்தில் இல்லாத உறைகாரணி ஊசி மருந்து இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உரிய காலத்தில் அதைப் பெறும் குழந்தை பள்ளிக்குச் செல்லலாம்; வளர்ந்து வேலைக்கும் செல்லலாம். தாயும் அவருடைய சகோதரிகளும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அது குற்றவாளியைத் தேடுவதற்கன்று, அடுத்த பிரசவத்துக்கு ஆயத்தமாவதற்கு. சாம்பலின் மீது வள்ளூர் மக்களுக்குள்ள வழக்கு நியாயமானது. ஆனால் அது நுரையீரலின் வழக்கு, இந்தக் குழந்தையின் வழக்கு அன்று. தாயின் மீதோ வழக்கே இல்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹால்டேன் கணக்கிட்டு முடித்த செய்தி, எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.