கட்சி சாராத குரல்

புதுக்கோட்டை அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி அன்று. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி அரசு. அவ்வூரில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் இசை வேளாளர் மரபினர். உயர்நிலைக் கல்வியைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கற்றுத் தேறிய முத்துலட்சுமி, கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் சலசலப்பு எழுந்தது. ஆண்கள் பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்றனர் சிலர். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டிக் காட்டினர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது சேர்க்கைக்கு ஆணையிட்டார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற அவர், 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்திற்கு இசைந்தார். 1917இல் அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் பணிகளிலும் ஈடுபட்டார்.

அக்காலத்துத் தேர்தல் இன்றைய தேர்தல் போன்றதன்று. சொத்தும் வரியுமே வாக்குரிமையின் அளவுகோல்கள். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையைத் தானே வழங்கவில்லை. அதனை முடிவு செய்யும் பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. சென்னைச் சட்டமன்றம் 1921இல் அத்தடையை நீக்கியது. ஆயினும் வாக்களிக்கலாம் என்ற நிலைதான் வந்ததே தவிர, வேட்பாளராக நிற்கும் உரிமை வர மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் மங்களூர்ப் பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயா கட்சி எதனையும் சாராமல் போட்டியிட்டார். பிரசாரத்திற்கு அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. பின்னால் நிற்கப் பெரும் அமைப்போ செல்வர் குழுவோ இல்லை. துணை நின்றவை மாதர் சங்கமும் நண்பர்களின் உழைப்புமே. ஆயினும் சிறிய வாக்கு வேறுபாட்டிலேயே அவர் தோல்வியுற்றார். தேர்தலின் வாயிலாகப் பெண்ணொருவர் சட்டமன்றம் புக இயலாத நிலையில், மாதர் சங்கத்தினர் நியமன உறுப்பினர் இடத்திற்கு ஒரு பெண்ணைத் தெரிவு செய்யுமாறு அரசை வலியுறுத்தினர். அவ்விடத்திற்கு முத்துலட்சுமியின் பெயர் வந்தது. மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்று திரும்பியிருந்த அவர், மருத்துவப் பணி கெடுமே என்று முதலில் தயங்கினார், கணவர் ஊக்கப்படுத்தினார்.

அவர் நுழைந்த அவையின் நிலையையும் இங்கே கருத வேண்டும். தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 41 இடங்களைச் சுயராச்சியக் கட்சி வென்றிருந்தும் பதவியேற்க மறுத்தது. ஆதலால் கட்சி சாராத ப. சுப்பராயனின் தலைமையில் அமைச்சரவை அமைந்தது. அத்தகைய மன்றத்தில் 1927 சனவரியில் முத்துலட்சுமி ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவி பெருமையானதுதான், வாக்குகளைத் திரட்டித் தருவதற்கு அது போதாது. கட்சி உறுப்பினருக்குக் கொறடா உண்டு. தனி உறுப்பினருக்கு அவ்வுதவி இல்லை. ஒவ்வொரு தீர்மானத்திற்கும் நீதிக்கட்சியினர், சுயராச்சியக் கட்சியினர், அரசு அலுவலராகிய உறுப்பினர் என அனைத்துத் தரப்பினரையும் அவர் தனித்தனியே இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. மன்றத்திற்கு வெளியே செய்தித்தாள்களில் எழுதினார். மாதர் கூட்டங்களில் பேசினார். வாக்காளரிடம் செல்லும் வேட்பாளரின் பிரசாரத்திற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை.

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த அரசு முன்வர வேண்டும் என்னும் தீர்மானத்தை 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தார். மன்றம் அதனை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்கு அளிக்கும் பரிந்துரையே. அதனால் ஒருவரும் கட்டுப்படார். ஆகவே அவ்வழக்கம் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என ஆராய்ந்தார். வேரில் இருந்தது நிலம். கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டவில்லையெனில் நிலம் கைவிட்டுப் போகும். வறுமைக்கு அஞ்சிய தாய் மகளை ஒப்புக்கொடுத்தாள். இம்முடிச்சை அவிழ்க்க, பணியிலிருந்து நிலத்தைப் பிரித்து, அனுபவித்து வந்த பெண்ணுக்கே உரிமையாக்கும் சட்டத்திருத்தத்தை முன்மொழிந்தார். இந்து அறநிலையச் சட்டத்தில் அத்திருத்தம் 1929இல் நிறைவேறியது. தண்டிப்பதற்கு முன் வாழ்வாதாரத்தைக் காத்த அவ்வறிவே அவருடைய சட்டமன்றப் பணியில் தலைசிறந்தது எனலாம்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. அதே புதுக்கோட்டை மண்ணில், திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி, கலையும் கோயில் மரபும் அழியும் என வாதிட்டார். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற அப்பெருந்தகை இவ்வொன்றில் காலத்தின் போக்கை உணரத் தவறினார். தேவதாசிப் பெண்கள் சிலரும் தங்களைப் பரத்தையருடன் சேர்த்துப் பேசுவதைக் கண்டித்து அரசுக்கு முறையிட்டனர். அவர்தம் குறையை முற்றிலும் புறந்தள்ள முடியாது. இசையையும் கல்வியையும் போற்றி வளர்த்தவர்கள் அவர்களுள் பலர். ஆனால் அம்மரபின் உள்ளேயிருந்தே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் முத்துலட்சுமிக்குத் துணையாக எழுந்தனர். தம் தாயாரின் குலத்தைச் சுட்டிப் பலர் ஏசக்கூடும் என்பதை அறிந்தே அவர் அவையில் நின்று பேசினார். வாய்மூடி இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்.

பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதா ஒன்றையும் அவர் கொண்டுவந்தார். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார், மசோதா நிறைவேறவில்லை. அவ்வமயம் பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிய இளம்பெண்கள் சிலர் அவரை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அவர்களுக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார்; அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது.

1937இல் சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அப்பதவியை அடைந்த முதற்பெண் அவரே. தங்கை புற்றுநோயால் மறைந்த துயரம் அவர் நெஞ்சில் நெடுநாள் இருந்தது. அதன் பயனாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1954இல் அது செயற்படத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

அவர் விட்டுச் சென்ற மசோதாவின் நோக்கம் 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான ஆட்சியில், சட்டமாக நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று. அப்போது முத்துலட்சுமிக்கு அகவை அறுபத்தொன்று. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய இல்லமும் மருத்துவமனையும் இன்றும் அடையாறில் இயங்கி வருகின்றன.