மட்டையைத் தூக்கி எறிந்தவர், பட்டிங்கில் நிதானமானது எப்படி? பாபி ஜோன்ஸின் கதை

1929. நியூயார்க் அருகே விங்டு ஃபூட் மைதானம். யு.எஸ். ஓபன் கோல்ஃப் தொடரின் கடைசிக் குழி. கையில் இருந்த பெரிய முன்னிலையை பாபி ஜோன்ஸ் கோட்டை விட்டிருந்தார். மிச்சம் 12 அடி தூரம். பந்து குழியில் விழுந்தால் ஆட்டம் சமன். விழாவிட்டால் கோப்பை போச்சு.

இந்த மாதிரி நேரத்தில் பதறாமல் நிற்பது அவருக்குக் கூடப்பிறந்த குணமா? இல்லவே இல்லை.

1902-ல் அட்லாண்டாவில் பிறந்த ஜோன்ஸ், 14 வயதிலேயே அமெரிக்க அமெச்சூர் தொடரில் ஆடியவர். திறமைக்குக் குறைவில்லை, கோபம்தான் பிரச்சினை. ஷாட் தப்பினால் மட்டை பறக்கும். 1921-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், மணல் பள்ளத்தில் பந்து சிக்கிய கடுப்பில் போட்டியை விட்டே விலகிவிட்டார்.

குழிக்கு அருகே பந்தை மெல்ல உருட்டிவிடும் பட்டிங்கிலும் அவர் தடுமாறினார். 1924-ல் மூத்த வீரர் வால்டர் ட்ராவிஸ் அவருக்குப் பாடம் எடுத்தார். குதிகால்கள் கிட்டத்தட்ட ஒட்டும்படி பாதங்களைச் சேர்த்து வைக்கணும். மட்டையை வெடுக்கென்று தட்டாமல், நீளமாக, ஒரே சீராக வீசணும். ஜோன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். உடம்பை முறுக்காமல் நிமிர்ந்து நிற்பார், மட்டையை லேசாகப் பிடிப்பார்.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. வேகமாக வரும் பந்து குழியின் நடுவில் பட்டால்தான் விழும். விளிம்பில் வேகம் அடங்கும் பந்து பக்கவாட்டிலும் விழும். அதனால் ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை.

இதனால் டென்ஷன் காணாமல் போய்விடவில்லை. தொடர் நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது; எடை குறையும். அந்தப் பதற்றத்தைக் கைக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

விங்டு ஃபூட்டில் அந்த 12 அடி பட் குழிக்குள் விழுந்தது. மறுநாள் பிளே-ஆஃபில் அல் எஸ்பினோசாவை 23 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்கள். 28 வயதிலேயே ஓய்வு. அவர் இணைந்து உருவாக்கிய அகஸ்டா மைதானத்தில் 1934-ல் மாஸ்டர்ஸ் தொடர் பிறந்தது.

பிற்காலத்தில் தண்டுவட நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1971-ல் மறைந்தார். மட்டையை எறிந்த அந்தப் பையனை, இன்று கோல்ஃப் உலகம் பண்புக்கு உதாரணமாகச் சொல்கிறது.